பத்துப் பொருத்தம் பார்க்காமல் கம்ப்யூட்டர் வாங்கலாமா?

இருக்கன்குடி

கல்யாணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார்கள். முக்கால் லட்சம், ஒரு லட்சம் என்று கொட்டி வாங்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு பொருத்தம்கூட பார்ப்பதில்லை!

பட்டாசு ஆலையில் தீபாவளி போனஸ் பட்டுவாடா ஆனதும் பிள்ளைகள் புதுச்சட்டை கேட்ட காலம் போய்விட்டது. "கேமிங் கம்ப்யூட்டர் வேணும்ப்பா" என்கிறான் பையன். அம்மாவின் சீட்டுப் பணம், அப்பாவின் போனஸ், மாமா கொடுத்த கைமாற்று எல்லாம் சேருகிறது. தகப்பனும் மகனும் பஸ் ஏறுகிறார்கள். கடையில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணாச்சி, மொதல்ல அந்த கிராபிக்ஸ் கார்டைக் காட்டுங்க."

"எந்த மதர்போர்டுக்கு தம்பி?"

"அதெல்லாம் மிச்சக் காசுல பாத்துக்கலாம் அண்ணாச்சி."

வினை ஆரம்பிப்பது அந்த "மிச்சக் காசில்"தான்.

சென்னைப் பையனுக்குக் கவலை இல்லை. சாமான் ஒத்துவராவிட்டால் மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்கு மறுபடி ஒரு நடை போனால் தீர்ந்தது. இருக்கன்குடிக்காரர் கதை வேறு. சாத்தூருக்கு ஒரு பஸ். அங்கிருந்து சிவகாசிக்கோ, விருதுநகருக்கோ, மதுரைக்கோ இன்னொரு பஸ். ஒரு சாமான் தப்பினால் அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. பெட்டி பிரித்த சாமானைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் முகம் சுளிப்பார். கிராமத்து வீட்டில் ஒரு தவறின் விலை நகரத்தைவிட இரண்டு பங்கு. ஆகவே வாங்குவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியவரும் கிராமத்துக்காரர்தான்.

கந்தகத்துக்குத் தெரியும்!

எதோடு எது சேரும், எது சேராது என்பதை இந்த வட்டாரத்துக்கு வெளியூர்க்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. குளோரேட்டும் கந்தகமும் ஒன்றாகக் கலந்த வெடிமருந்துக்கு 1992-ல் மத்திய அரசு தடை போட்டது. இரண்டும் தனித்தனியே பெட்டியில் இருந்தால் சாதுதான். சேர்ந்தால் ஒரு உரசலே போதும். அதே இரண்டும் தீக்குச்சித் தலையில் சேர மட்டும் விதிவிலக்கு கொடுத்தார்கள். ஓரிடத்தில் சேரும், இன்னோரிடத்தில் சேராது.

கம்ப்யூட்டர் சாமானும் அதே ஜாதி. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல சாமான். சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு உடைகிறது.

துளை ஒன்று, ஜாதகம் வேறு!

முதல் பொருத்தம் பிராசசருக்கும் மதர்போர்டுக்கும். பிராசசர் உட்காரும் இடத்துக்கு "சாக்கெட்" என்று பெயர். இன்டெல் கம்பெனியின் 12, 13, 14-வது தலைமுறை பிராசசர்கள் 1700 என்ற சாக்கெட்டில் உட்காரும். 2024 அக்டோபரில் வந்த "கோர் அல்ட்ரா 200" வரிசைக்கு 1851. ஒன்று மற்றதில் உட்காராது. ஏ.எம்.டி. கம்பெனியில் ஏ.எம்.4 பழசு. 2022-ல் வந்த ஏ.எம்.5 புதுசு.

சாக்கெட் சரியாக இருந்தால் போதுமா? போதாது! 2017-ல் இன்டெல் 8-வது தலைமுறையை இறக்கியது. சாக்கெட் பெயர் பழைய 1151-தான். பிராசசர் பழைய போர்டில் அழகாக உட்கார்ந்தது. ஆனால் வேலை செய்யவில்லை. பழைய சாமான் வாங்குகிறவர்கள் இன்றைக்கும் இதில் மாட்டுகிறார்கள்.

இன்னொரு வில்லங்கம் பயாஸ். போர்டுக்குள் இருக்கும் இந்தச் சின்ன புரோகிராம்தான் பிராசசரை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். போர்டு முதலில் வந்து, பிராசசர் பின்னால் வந்திருந்தால் பயாசுக்கு ஆளைத் தெரியாது. 2018-ல் வந்த பி450 போர்டில் 2020-ல் வந்த ரைசன் 5000 வரிசையை மாட்டினால் இதுதான் நடக்கும். பயாசைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். புதுப்பிக்க ஒரு பழைய பிராசசர் வேண்டும். இருக்கன்குடியில் ராத்திரி ஒன்பது மணிக்கு அதை எங்கே போய்த் தேட? பென் டிரைவ் சொருகியே புதுப்பிக்கும் வசதி சில போர்டுகளில் உண்டு. இல்லையென்றால் கடையிலேயே புதுப்பித்து வாங்குவது உத்தமம்.

ராம் விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். டி.டி.ஆர்.4-க்கும் டி.டி.ஆர்.5-க்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. அழுத்தினாலும் இறங்காது. அதற்கு மேல் அழுத்தினால் உடையும். ஏ.எம்.5 போர்டு என்றால் டி.டி.ஆர்.5 மட்டும்தான். 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு கம்பெனிகள் சிப்பையெல்லாம் மொத்தமாக அள்ளிக்கொண்டதுதான் காரணம். "குருசியல்" என்ற பெயரில் கடைகளுக்கு ராம் விற்றுவந்த மைக்ரான் கம்பெனி, அந்த வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் சொன்னது. இந்த விலையில் தப்பான ராம் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்குக் கட்டும்?

படமே வரவில்லை!

வீட்டுக்கு வந்து எல்லாம் மாட்டியாச்சு. விசிறி சுற்றுகிறது. கலர் கலராக லைட் எரிகிறது. மானிட்டரில் மட்டும் இருட்டு. பையன் முகத்தில் ஈ ஆடவில்லை.

சாமான் எதுவும் கெடவில்லை. பிராசசர் பெயரின் கடைசியில் "எஃப்" என்று ஒரே ஒரு எழுத்து. இன்டெல்லில் அந்த எழுத்து இருந்தால் உள்ளுக்குள் படம் காட்டும் வசதி இல்லை என்று அர்த்தம். கிராபிக்ஸ் கார்டு இருந்தால்தான் படம் வரும். "கார்டை அடுத்த போனசில் வாங்கிக்கலாம், இப்ப கம்ப்யூட்டரை ஓட்டுவோம்" என்று கணக்குப் போட்டவர் அடுத்த தீபாவளி வரை இருட்டு மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600-க்கும் இதே கதை. 5600ஜி என்றால் படம் வரும். விலையில் கொஞ்சம் வித்தியாசம், பலனில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

தகரப் பெட்டியில் தகராறு

எல்லாரும் கஞ்சத்தனம் பண்ணுகிற இடம் எஸ்.எம்.பி.எஸ். கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் தகரப் பெட்டி. "இதுல என்ன அண்ணாச்சி இருக்கு, இருக்கறதுலயே விலை கம்மியாப் போடுங்க" என்பார்கள். முப்பதாயிரம் ரூபாய் கார்டை எழுநூறு ரூபாய் பெட்டியின் கையில் பிடித்துக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளையை விசாரிக்காமல் பெண்ணைக் கொடுப்பது என்றால் இதுதான்.

பெட்டியின் மேல் "450 வாட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை நம்பாதீர்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை உண்டு. அதில் "12 வோல்ட்" கட்டத்தில் எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். 18 என்றிருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள். 216 வாட்ஸ். பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் உபயோகப்படுவது அந்த 216-தான். மிச்சம் வெறும் பெருமை.

ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட்ஸ் இழுக்கும். ரைசன் 5 5600-க்கு 65 வாட்ஸ் என்று போட்டிருக்கிறார்கள். கூட்டினால் 180. "216 இருக்கே, போதுமே!" என்று தோன்றும். போதாது. போர்டும் விசிறியும் டிஸ்க்கும் தங்கள் பங்கைக் கேட்கும். அதற்கு மேல், ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் கார்டு கண் இமைக்கும் நேரத்துக்குத் திடீரென்று கூடுதலாக இழுக்கும். அதனால்தான் கார்டு செய்த என்விடியா கம்பெனியே இதற்கு 550 வாட்ஸ் பெட்டி வையுங்கள் என்கிறது. கஞ்சப் பெட்டி என்ன செய்யும்? நடு ஆட்டத்தில் பொட்டென்று அணையும். சில சமயம் போகிற போக்கில் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

நல்ல பெட்டி என்றாலும் கவனம் வேண்டும். ஒரு கம்பெனி பெட்டியின் கேபிளை இன்னொரு கம்பெனி பெட்டியில் சொருகக் கூடாது. வாய் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கும். சொருகிய மறுநிமிடம் டிஸ்க் காலி! 2022 அக்டோபரில் வெளிநாடுகளில் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகளின் கேபிள் முனை உருகிய செய்தி பெரிய பரபரப்பானது. அந்தக் கார்டு 450 வாட்ஸ் இழுக்கும். முனை முழுசாக உள்ளே போகாததுதான் முக்கிய காரணம் என்று கம்பெனி சொன்னது. அவ்வளவு விலை கொடுத்தவர்களுக்கே அந்தக் கதி.

வீட்டு ஒயரிங்கையும் பார்க்க வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் கையில் சுருசுருவென்று ஏறுகிறது என்றால் எர்த் இல்லை என்று அர்த்தம். அதை எலெக்ட்ரீஷியன்தான் சரிசெய்ய வேண்டும், கம்ப்யூட்டர் கடைக்காரர் அல்ல. கரண்ட் போனால் தாங்கட்டும் என்று வாங்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும். பெரிய கார்டு போட்ட கம்ப்யூட்டரை ஆட்டத்தின் நடுவில் அது தூக்கிப் பிடிக்காது.

கரிசல் புழுதி

இது கரிசல் பூமி. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே மனிதனே வெந்துபோகிறான். அங்கே முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் எதற்கு? லைட் அழகாகத் தெரியும். காற்று எந்த வழியாகப் போகும்? முன்பக்கம் வலை போட்ட கேபினெட் வேண்டும். கழற்றித் தட்டும் புழுதி வடிகட்டி வேண்டும். மாதம் ஒரு தடவை தட்ட வேண்டும். கார்டின் நீளம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்று டேப் வைத்து அளந்தே வாங்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. பீரோ வாங்கும்போது வாசலை அளப்பதில்லையா?

மானிட்டரும் ஒரு பொருத்தம்தான். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 150 படம் வரைந்து கொடுத்தாலும் கண்ணுக்கு வருவது 60. பழைய மானிட்டரையே வைத்துக்கொள்ளப் போகிற வீட்டில் கார்டுக்குக் கூடுதலாகப் பத்தாயிரம் கொடுப்பது தண்ணீரில் கரைத்த புளி.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் கலர் லைட் ஒட்டி "கேமிங் செட்" என்று விற்கிறவர்களிடம் உஷார்! இன்டெல் 4-வது தலைமுறை பிராசசருக்கு விண்டோஸ் 11 அனுமதி இல்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. "வேலரண்ட்" போன்ற ஆட்டம் விண்டோஸ் 11-ல் டி.பி.எம். 2.0 என்ற காவல் சிப் இருந்தால்தான் திறக்கும். பதினைந்தாயிரம் ரூபாய் லாபம் என்று நினைத்து வாங்கினால், பையன் கேட்ட ஆட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் ஓடும்.

"விளையாட்டுக்கு இவ்வளவு காசா?" என்று கேட்கும் தகப்பனாருக்கும் ஒரு வார்த்தை. இதே பிராசசர், இதே ராம், இதே கார்டுதான் காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டி லேபிளுக்கும் டிசைன் போடவும் உதவும். சிவகாசி ஆப்செட் அச்சகங்களில் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. பொருத்தமாக வாங்கிய கம்ப்யூட்டர் பகலில் சம்பாதிக்கவும் செய்யும்.

பில்லில் எழுதட்டும்!

பழியைப் பையன் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. எல்லாம் தெரிந்த கடைக்காரர் எதற்காக இருக்கிறார்? சாமானைத் தனித்தனியாக விற்றுவிட்டு, "ஒத்துப்போகுமான்னு நீங்கதான் பாத்திருக்கணும்" என்று கையை விரிப்பது வியாபாரமா? டாக்டர் மருந்துச் சீட்டை மருந்துக் கடைக்காரர் ஒருதரம் சரிபார்ப்பது மாதிரி, பட்டியலைக் கடைக்காரர் சரிபார்த்து, "இந்தச் சாமான்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும்" என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நேர்மையான கடைக்காரருக்கு இதில் நஷ்டம் இல்லை. நாலு வாடிக்கையாளர் கூடத்தான் வருவார்கள்.

"பில் வேணாம்னா 18 சதவீதம் கொறையும்" என்ற ஆசை வார்த்தையில் மயங்கக் கூடாது. அது அரசாங்கத்துக்குப் போகும் ஜி.எஸ்.டி. பில் இல்லாதவனுக்கு வாரண்டியும் இல்லை, வாதமும் இல்லை. ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறியிருக்க வேண்டும். பெட்டி இல்லாமல் "டிரே" என்று விற்கும் பிராசசருக்குக் கம்பெனி நேரடி வாரண்டி தராது, கடைக்காரர்தான் பொறுப்பு. அதையும் எழுதி வாங்க வேண்டும். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வாங்கிய சாமான் 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

கடையிலேயே எல்லாவற்றையும் மாட்டச் சொல்லி, அரை மணி நேரம் ஒரு ஆட்டத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். அந்த அரை மணி நேரத்தில் படம் வருகிறதா, அணைகிறதா, சூடாகிறதா எல்லாம் தெரிந்துவிடும். பிறகு கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி அதன் பெட்டியில் வைத்துக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். சாத்தூரிலிருந்து இருக்கன்குடி வரும் பஸ் குலுக்கும் குலுக்கலில் கார்டின் கனத்துக்கு மதர்போர்டு துளை பெயர்ந்துவிடும். அதிலும் ஆடி வெள்ளிக்கிழமை என்றால், அம்மன் கோவிலுக்குப் போகிற கூட்டத்தில் பெட்டியை மடியில் வைக்கக்கூட இடம் கிடைக்காது. வேறு நாள் பார்த்துப் போவது நல்லது.