தனுஷ்கோடி பேய் ஊர் அல்ல!

திகில் குறும்படம் எடுக்கக் கிளம்பும் மாணவர் குழுவுக்கு முதலில் தோன்றும் இடம் தனுஷ்கோடி. இடிந்த தேவாலயம், வெள்ளைச் சேலை, ஓர் அலறல்... தொடக்கக் காட்சி ரெடி! கதை? அது எடிட்டிங்கில் வந்துவிடுமாம்.

1964 டிசம்பர் புயலில் அங்கே செத்தவர்கள் நிஜ மனிதர்கள். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது. வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே தங்கித் தொழில் பார்க்கின்றன. அவர்கள் குடிசைக்குப் பக்கத்திலேயே கேமராவை வைத்துவிட்டு 'ஆளில்லாத பேய் ஊர்' என்று டைட்டில் போடுவது என்ன நியாயம்?

சென்னை திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள் கூடி எடுத்த 'ஊமை விழிகள்' 1986இல் தமிழ்நாட்டையே மிரட்டியது. அதில் பேய் கிடையாது, கொலைகாரன் மனிதன்தான். மிரட்டியது திட்டமிட்ட உழைப்பு.

படகில் சுக்கான் பிடிப்பவர் ஒருவர், வலை விடுபவர் வேறொருவர். எல்லோருமே இயக்குநர் என்றால் படம் கரை சேராது. முதலில் கதையைக் காகிதத்தில் எழுதட்டும், வேலையைப் பிரிக்கட்டும், ஊர்க்காரர்களிடம் பேசட்டும். காற்று மாறிய இரவில், திரும்பாத படகுக்காகக் கரையில் நிற்கும் ஒரு தாயின் முகம் போதும். அதைவிடப் பெரிய திகில் எந்த வெள்ளைச் சேலையில் இருக்கிறது?