பயமுறுத்திய விளக்குகள்



கடந்த மாதம் கிளிநொச்சியில் கடன் குழுக் கூட்டம். காலையில் எங்கள் அலுவலகத்து மின்சாரக் கார் புறப்பட மறுத்தது. எச்சரிக்கை விளக்குகள் பல ஒன்றாக எரிந்தன. "பெரிய பற்றரி போய்விட்டது, பல இலட்சம் வரும்" என்றார் கராஜ்காரர். நானும் நம்பிவிட்டேன்.

எங்கள் பயிற்சியில் வயறிங் பழகிய அக்கா ஒருவர், "பொறுங்கோ தங்கச்சி, அளந்து பார்ப்பம்" என்று மீற்றரோடு வந்தார்.

மின்சாரக் காரில் இரண்டு பற்றரிகள் உண்டு. சக்கரத்தைச் சுழற்றுவது சில நூறு வோல்ற்றுக் கொண்ட பெரியது. காரின் கணினிகளை விழிக்கச் செய்வது 12 வோல்ற்றுச் சிறியது. சிறியது தளர்ந்தால், பெரியது நிறைந்திருந்தாலும் கார் அசையாது. பொய்யான எச்சரிக்கைகளும் வரும்.

இரவு முழுவதும் நின்ற காரில் சிறிய பற்றரி 12.6 வோல்ற்று அளவில் காட்டினால் நல்லது. எங்களுடையது 11.4! முனைகளில் கறல் வேறு. துடைத்து, புதிய சிறிய பற்றரி பூட்டியதும் விளக்குகள் அணைந்தன. பின்னேரம் கூட்டமும் நடந்தது.

"செம்மஞ்சள் வயர்களை மட்டும் தொடாதேங்கோ, உயிராபத்து" என்றார் அக்கா.

சகோதரிகளே, யாரும் பெரிய செலவு சொன்னால், "அளந்து காட்டுங்கோ" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.