சேனாபதியின் இரண்டாம் வருகை

தொடங்கிய கதையைத் தொடர்ந்து கூறுதல், புதுக்கதை புனைவதினும் அரிது. புதுக்கதைக்கு ஒப்புநோக்க யாதும் இல்லை. தொடர்ச்சிக்கோ, காண்போர் நெஞ்சில் முன்னைய கதையே நடுவராய் அமர்ந்து தீர்ப்புக் கூறும். 1996-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த ‘இந்தியன்’ என்னும் திரைப்படத்தின் இரண்டாம் பகுதி, 28 ஆண்டு கழித்து, 2024 ஜூலை 12-ஆம் நாள் வெளிவந்தது. அதனைக் கண்டு மீண்ட இரவில் இவ்வுண்மை எனக்கு நன்கு விளங்கிற்று.

முதற்படம் வந்த காலத்தில் யான் பள்ளிச் சிறுவன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் எங்கள் தளியில் சிலர் அதனை ‘இந்தியன்’ என்பர். சிலர் ‘பாரதீயுடு’ என்பர். ஓசூருக்குப் பேருந்தேறிச் சென்று மும்முறை கண்டேன். அவ்வாண்டில்தான் என் தந்தையார் ஒரு நிலச்சான்றின் பொருட்டு ஓர் அலுவலகத்துக்குப் பன்னாள் நடந்து, முடிவில் கையூட்டுக் கொடுத்தே அதனைப் பெற்றார். அன்றிரவு அவர் உணவு கொள்ளாதிருந்ததை யான் மறந்திலேன். ஆதலின் சேனாபதி எனக்கு வெறுங் கதைத்தலைவர் அல்லர். என் தந்தையார் சொல்லமாட்டாத சொல்லைத் துணிந்து சொன்ன முதியவர்.

அப்படத்தின் வலிமை யாது? கமல்ஹாசன் தந்தையும் மகனுமாய் இரு வேடம் பூண்டு தேசிய விருது பெற்றதும், தோட்டா தரணியின் கலையமைப்பு விருது பெற்றதும் யாவரும் அறிந்தவை. எனினும் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. இலஞ்சம் கொடேன் என்று உறுதி கொண்டமையால் சேனாபதி தம் மகளை இழக்கிறார். தகுதியற்ற பேருந்துக்கு இலஞ்சம் பெற்றுச் சான்று அளித்துப் பள்ளிச் சிறார் பலர் மடியக் காரணமாயிருந்தவன் தம் மகனே என்று அறிந்தபோது, அவனையும் தம் கையாலேயே கொல்கிறார். அச்செயல் அறமா அன்றா என்பது வழக்கிற்குரியது. ஆயினும் பிறர்க்கு விதித்த நெறிக்கு அவர் தாமே விலை கொடுத்தார் என்பதில் ஐயமில்லை. அவ்விலையே அவர் சொல்லுக்கு வன்மை தந்தது.

இரண்டாம் படத்தில் நிகழ்வது என்ன? தைப்பேயிலிருந்து அழைப்பிக்கப்பட்ட சேனாபதி, நும் இல்லங்களை நீவிரே தூய்மை செய்க என்று இளைஞர்க்கு ஆணையிடுகிறார். கருத்து நன்று. அதனை ஏற்ற இளைஞன் ஒருவன் தன் தந்தையைக் காட்டிக்கொடுத்துத் தாயையும் இழக்கும் பகுதி மெய்யாகவே நெஞ்சைச் சுடுகின்றது. ஆனால் விலை கொடுப்பவன் அவன். சேனாபதியோ யாதும் இழவாது, வர்மக்கலையால் ஒருவனைக் குதிரைபோல் ஓடவிட்டும், ஒற்றைச் சக்கர ஊர்தியில் விரைந்தும் திரிகின்றார். ஆணையிடுவோர் வேறு, துன்புறுவோர் வேறு என்று ஆனவுடன் அறவுரை வெற்றுரையாகி விடுகின்றது.

நூறு வயது கடந்த முதியவர் எங்ஙனம் போர் புரிவார் என்று நகைத்தோர் உளர். யான் அவ்வாறு நகையேன். கதைக்கு அவ்வுரிமை உண்டு. நீளமே குறை என்றாரும் உளர். வெளியான சின்னாட்களில் ஏறத்தாழப் 12 நிமிடக் காட்சிகளை வெட்டியும் குறை தீர்ந்திலது. அது நீளத்தின்பாற்பட்டது அன்று. முதற்படம் மருத்துவமனையும் அலுவலக மேசையுமாகிய நம் அன்றாட வாயில்களில் நின்று பேசிற்று. இரண்டாவதோ பெருஞ்செல்வரின் மாளிகைகளை வியப்புடன் காட்டிக்கொண்டே அவரைக் கடிந்தது. என் தந்தையார் நின்ற வாயிலை யான் அங்குத் தேடினேன், கண்டிலேன்.

படப்பிடிப்புக் களத்தில் 2020-இல் பாரந்தூக்கி சாய்ந்து மூவர் உயிரிழந்ததையும், நடித்த விவேக், நெடுமுடி வேணு ஆகியோர் படம் வெளிவருமுன்னரே மறைந்ததையும் எண்ணுங்கால், உழைத்தோரைக் குறைகூற மனம் ஒருப்படவில்லை. என் குறை உழைப்பின்மேல் அன்று, மறதியின்மேல்.

மூன்றாம் பகுதியின் காட்சிகள் சிலவற்றை இப்படத்தின் இறுதியிலேயே காட்டினர். அஃது எத்தகையதாயினும் ஆகுக. மாணவ நண்பர்காள்! திரையில் வரும் முதியவர்க்காக நாம் காத்திருத்தல் வேண்டா. நாளை நீவிர் ஓர் அலுவலக மேசையின் எந்தப் பக்கத்தில் அமர நேரினும், மறுபக்கத்தில் நிற்பவர் அன்றிரவு மனநிறைவோடு உண்ணுமாறு நடந்துகொள்வீராயின், அதுவே முதற்படத்துக்குத் தக்க தொடர்ச்சியாகும்.