பிளாஸ்டிக் தொட்டியும் அண்ணாச்சி வண்டியின் ஓட்டையும்

மொதல்லயே சொல்லிடறேன். பிக்கப் வண்டியோட லோடு பாடியில கறுப்பா பளபளன்னு பிளாஸ்டிக் பெட் லைனர் மாட்டி விடறாங்களே, அதை நான் திட்டத்தான் போறேன். ஏற்கெனவே மாட்டினவங்க கோச்சுக்காம இன்னிக்கே ஒரு ஓரத்தைத் தூக்கிப் பாருங்க.

மும்பைக்கு வந்து பதினாறு வருஷமாச்சு. பொழப்பே பெயிண்ட், கோட்டிங்தான். தாராவியில இட்லி மாவு அரைச்சுக் கடைகளுக்குப் போடற அண்ணாச்சி ஒருத்தர், திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரம்மா, ரெண்டு பசங்க எல்லாரும் அந்த மாவுலதான் நிக்கிறாங்க. வண்டி கடன்ல வாங்கினது. போன மழைக்காலம் முடிஞ்சதும் கூப்பிட்டார். "தம்பி, வண்டிக்கு அடியில என்னமோ சொட்டுது, கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். வண்டி வாங்கின அன்னிக்கே ஒரு அக்சஸரி கடையில பிளாஸ்டிக் ஷீட்டை அளவா வெட்டி, தகரத்துல ஓட்டை போட்டு ஸ்குரூ முடுக்கியிருக்காங்க. எட்டு ஸ்குரூவையும் கழட்டித் தூக்கினோம். புளிச்ச நாத்தம். கீழே சேறு, மாவு, தண்ணி. பெயிண்ட் போன இடமெல்லாம் துரு. ஸ்குரூ டிரைவரை லேசா அழுத்தினேன், அந்தப் பக்கம் வந்துடுச்சு. அண்ணாச்சி ஒண்ணும் பேசலை. "இன்னும் ரெண்டு வருஷம் தவணை இருக்கு"ன்னு மட்டும் சொன்னார்.

இதுல ரகசியம் எதுவும் இல்லை. பிளாஸ்டிக் தகரத்தோட ஒட்டாது, நடுவுல சின்ன இடைவெளி இருக்கும். அதுல மணல் போகும். வண்டி குலுங்கக் குலுங்க அந்த மணல் உப்புத்தாள் மாதிரி பெயிண்ட்டைத் தேய்க்கும். தண்ணியும் உள்ளே இழுத்துக்கும், ஆனா காயாது. மும்பையில ஜூன்லேர்ந்து செப்டம்பருக்குள்ள 2000 மில்லிமீட்டருக்கு மேல பெய்யுது. அதோட கடல் காத்து, புளிச்ச மாவுத் தண்ணியில இருக்கிற லாக்டிக் அமிலம். இந்த லட்சணத்துல ஸ்குரூவுக்குன்னு நாமே ஓட்டை போட்டுத் துருவுக்கு வாசல் வேற திறந்து விடறோம்.

கடைக்காரர் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: "கீறல் விழாது சார், விக்கும்போது நல்ல விலை போகும்." கண்ணுக்குத் தெரியற கீறலை டச்-அப் பண்ணிடலாம். தெரியாத துருவை என்ன பண்ணுவீங்க? நம்ம ஆளுங்களையும் சொல்லணும். டிவி ரிமோட்டுக்கு உறை, கார் சீட்டுல வந்த பாலிதீனை மூணு வருஷம் கழட்டாம ஓட்டறது... மூடி வெச்சா பத்திரம்னு ஒரு நம்பிக்கை :-)

இன்னொண்ணு. ஜெனரேட்டருக்கு கேன்ல பெட்ரோல் வாங்கறவங்க கவனிங்க. பிளாஸ்டிக் லைனர் மேல கேனை வெச்சே நிரப்பினா, அதுல சேர்ற நிலை மின்சாரம் பூமிக்கு இறங்க வழியில்லாம பொறி தட்டித் தீப்பிடிக்கலாம். அமெரிக்காவுல அப்படி நடந்து, அங்கே இருக்கிற நையாஷ் அமைப்பு 1998-லயே எச்சரிக்கை விட்டிருக்கு. எந்த லைனர் போட்டிருந்தாலும் சரி, கேனைத் தரையில இறக்கி வெச்சு நிரப்புங்க.

அப்ப என்னதான் போடறது? புது வண்டின்னா ஸ்பிரே லைனர். பாலியூரியா, பாலியூரிதேன்னு சொல்றது. தகரத்தோடயே ஒட்டிக்கும், இடைவெளியே இருக்காது. ஆனா அடிக்கிறவர் பழைய பெயிண்ட்டைச் சொரசொரப்பா தேய்ச்சு, எண்ணெய்ப் பசை போகத் துடைச்சு, தண்ணி வடியற ஓட்டைகளை அடைக்காம அடிக்கணும். 'அரை மணி நேரத்துல முடிச்சுத் தர்றேன் சார்'னு சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. துரு மேலயே அடிச்சா அதுவும் இன்னொரு மூடிதான். அப்புறம் கழட்டவும் முடியாது. வெயில்ல கறுப்பு வெளுத்துப் போச்சேன்னு சில பேர் சண்டைக்குப் போறாங்க. மலிவான ரகம் அப்படித்தான் வெளுக்கும், அதனால மட்டும் தகரத்துக்கு ஒண்ணும் ஆகிடாது.

பழைய வண்டிக்கு அந்தச் செலவு தண்டம். கனமான ரப்பர் மேட் போதும். டிரம் வழுக்காது, முக்கியமா கையாலயே தூக்கி எடுக்கலாம். அதைத் தூக்காமலே வருஷக்கணக்கா போட்டு வெச்சீங்கன்னா பிளாஸ்டிக்குக்கு நடந்த அதே கதிதான், அதையும் ஒத்துக்கறேன்.

அண்ணாச்சிக்குப் பாதித் தளத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் பண்ணி, பிரைமர் அடிச்சோம். மூணு நாள் வண்டி நின்னுது, மாவு ஆட்டோவுல போச்சு. அந்த வாடகையும் வெல்டிங் கூலியும் சேர்த்தா லைனர் விலையைப் போல நாலு மடங்கு. இப்ப ஞாயித்துக்கிழமை தோறும் சின்னப் பையன் மேட்டைச் சுருட்டி எடுத்துச் சுவத்துல சாய்ச்சு வெச்சுட்டு, குழாயைப் போட்டுத் தளத்தைக் கழுவறான். அண்ணாச்சியோட மச்சான் அடுத்த மாசம் புது வண்டி எடுக்கறாராம். டெலிவரி அன்னிக்கு லைனர் இலவசம்னு சொல்லியிருக்காங்களாம். "வேண்டாம்னு சொல்லிட்டு, அதுக்குப் பதிலா மேட் கேளுங்க"ன்னு சொல்லி வெச்சிருக்கேன்.