நாடே ஒன்றாகப் பார்த்ததா?

ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியின் பொன்விழா முடிந்தது, அறுபதாண்டு விழாவும் முடிந்தது. மேடைப் பேச்சு மட்டும் மாறவே இல்லை. அந்தக் காலத்தில் நாடே ஒன்றாக உட்கார்ந்து ஒரே நிகழ்ச்சியைப் பார்த்தது, எல்லாம் நம் சொந்தக் கதைகள், குடும்பத்தோடு பார்க்கலாம், இன்று எல்லாம் சிதறிவிட்டது என்று ஒரு புலம்பல். கூடவே 1956 செப்டம்பர் 16 அன்று சிட்னியின் டிசிஎன் 9 நிலையம் தொடங்கியபோது அறிவிப்பாளர் புரூஸ் ஜிஞ்சல் நேயர்களை வரவேற்கும் காட்சியைப் போடுவார்கள். அன்றைய ஒளிபரப்பு பதிவாகவில்லை. நாம் பார்ப்பது பின்னால் மறுபடி நடித்துப் படம்பிடித்தது. விழாவின் முதல் சான்றே இப்படி இருக்கிறது என்றால், மற்றதைக் கேட்கவே வேண்டாம்.

'நம் சொந்தக் கதைகள்' என்பதை முதலில் முடித்துவிடுவோம். 1963-இல் செனட் அவையின் வின்சென்ட் குழு, தொலைக்காட்சியில் வந்த நாடகங்களில் 97 சதவீதம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானவை என்று எழுதி வைத்தது. மெல்பர்னில் எடுக்கப்பட்ட 'ஹோமிசைட்' தொடர் வர 1964 ஆயிற்று.

குடும்பத்தோடு பார்த்த கதையா? 1972-இல் வந்து நாட்டைக் கலக்கிய 'நம்பர் 96' தொடர் எந்த மாதிரிப் படுக்கையறைக் காட்சிகளுக்காகப் பேசப்பட்டது என்பதை அந்தத் தலைமுறையில் யாரையும் கேட்கலாம்.

என்னை உண்மையில் சீண்டுவது அந்த 'நாடே ஒன்றாக' என்ற பேச்சுதான். எந்த நாடு? 1956-இல் தொலைக்காட்சி இருந்தது சிட்னியிலும் மெல்பர்னிலும் மட்டும். பிரிஸ்பேன், அடிலெய்ட், பெர்த் மூன்றுக்கும் 1959. ஹோபார்ட்டுக்கு 1960. டார்வினுக்கு 1971. மனிதன் நிலவில் கால் வைத்த 1969-இல் டார்வின்காரர் வீட்டில் உள்ளூர்த் தொலைக்காட்சி என்று ஒன்று கிடையாது.

வந்த ஊர்களும் ஒன்றைப் பார்க்கவில்லை. சிட்னியையும் மெல்பர்னையும் இணைக்கும் கேபிள் 1962-இல்தான் வந்தது. பெர்த்துக்கு நுண்ணலை இணைப்பு கிடைத்தது 1970-இல். அதுவரை நிகழ்ச்சிகள் படச்சுருளாகவும் நாடாவாகவும் ஊர் ஊராகப் போயின. நகைச்சுவையாளர் கிரகாம் கென்னடி நாட்டையே சிரிக்க வைத்தார் என்கிறார்கள். 1957-இல் தொடங்கிய அவருடைய புகழ்பெற்ற நிகழ்ச்சியின் பெயர் 'இன் மெல்பர்ன் டுநைட்'. எந்த ஊருக்காக அது நடந்தது என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

அறுபதுகளின் கடைசியில் வந்த மெல்பர்ன் நாளிதழ் ஒன்றையும் சிட்னி நாளிதழ் ஒன்றையும் எடுத்து நிகழ்ச்சிப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மெல்பர்னில் 2, 7, 9, 0 என்று நான்கு பத்திகள். சிட்னியில் 2, 7, 9, 10. ஒரே நெட்வொர்க்குக்குச் சேனல் எண்கூட ஒன்றாக இல்லை. குளிர்காலத்தில் மெல்பர்ன் தன் கால்பந்தில் மூழ்கிக் கிடக்கும், சிட்னிக்கு ரக்பி லீக் போதும். மெல்பர்ன் கால்பந்தின் இறுதிப் போட்டியைச் சொந்த ஊர்க்காரர்களே நேரலையில் வீட்டிலிருந்து பார்க்க 1977 வரை காத்திருந்தார்கள். 1985-இல் தொடங்கிய 'நெய்பர்ஸ்' தொடரைச் செவன் நெட்வொர்க் அதே ஆண்டில் கைவிட்டதற்கு ஒரு முக்கியக் காரணம், சிட்னி அதைச் சீந்தவில்லை என்பது. டென் நெட்வொர்க் அதை எடுத்துக்கொண்டு காப்பாற்றியது.

தலைநகர் கான்பெராவின் நிலையைப் பாருங்கள். 1962-இல் அங்கே சிடிசி 7 என்ற வணிகச் சேனல் வந்தது. அதன்பின் 1989 வரை, இருபத்தேழு ஆண்டுகள், அந்த நகரத்துக்கு அது ஒன்றே வணிகச் சேனல். சிட்னியின் மூன்று வணிகச் சேனல்களும் போட்டி போட்டுக் காட்டியவற்றில் வேண்டியதைப் பொறுக்கி, தனக்கு வசதியான நாளில், வசதியான நேரத்தில் அது ஒளிபரப்பியது. சிட்னியில் ஒரே மணிக்கு மோதிக்கொண்ட இரண்டு தொடர்களைக் கான்பெராக்காரர் ஒரே சேனலில் வெவ்வேறு இரவுகளில் பார்க்க முடிந்தது. நாடாளுமன்றம் இருக்கும் ஊரே நாட்டோடு சேர்ந்து பார்க்கவில்லை! சிட்னி, மெல்பர்ன் வாசலைத் தாண்டினால் சிற்றூர்களில் பெரும்பாலும் இதே கதைதான்: பொது ஒளிபரப்பான ஏபிசி ஒன்று, ஒரு வணிகச் சேனல், அவ்வளவே.

நடு ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்களை இந்த விழாக்காரர்கள் 'நாடு' என்ற கணக்கில் சேர்ப்பதே இல்லை. அரசாங்கம் செயற்கைக்கோள் வழியாக வெள்ளைக்காரர் நிகழ்ச்சிகளைக் கொண்டுவந்து கொட்டுமுன், எர்னபெல்லாவிலும் யூண்டுமுவிலும் மக்கள் 1985-இல் உரிமம் இல்லாமலே தங்கள் மொழியில், தங்கள் கையால் உள்ளூர் ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பழங்குடியினரின் சொந்தத் தொலைக்காட்சியான இம்பார்ஜா 1988-இல் வந்தது. தொலைக்காட்சி வரலாற்றில் எனக்கு மிகப் பெருமையான அத்தியாயம் இதுதான். விழா மேடையில் இதற்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

ஆக, 'நாடு' என்று இவர்கள் சொல்வது சிட்னி, மெல்பர்ன் நகரங்களின் சில வரவேற்பறைகளை. அதிலேயும் இரண்டு ஊருக்கும் இரண்டு நிகழ்ச்சி.

அந்தக் கால நாடாக்களில் பலவற்றை நிலையங்களே அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டன. 'கவுன்ட்டவுன்' என்ற பாப் இசை நிகழ்ச்சியின் தொடக்க ஆண்டுகள்கூட அப்படிப் போனவைதான். அழியாமல் மிஞ்சியது அச்சான நிகழ்ச்சிப் பட்டியல். தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் 'கான்பெரா டைம்ஸ்' 1995 வரை இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்த விழாவில் மைக்கைப் பிடிக்கப் போகிறவர் ஒரு வாரத்துப் பட்டியலையாவது படித்துவிட்டு மேடை ஏறட்டும்.