அக்கரை எண்டா எந்தக் கரை?

மட்டக்களப்பில் ஒருவர் "அக்கரைக்குப் போறன்" என்று சொன்னால், அவர் எங்கே நின்று சொல்கிறார் என்று தெரியாமல் அந்தப் பேச்சு விளங்காது. களுவாஞ்சிக்குடியில் நிற்பவருக்கு அக்கரை என்றால் படுவான்கரை. கொக்கட்டிச்சோலையில் நிற்பவருக்கு அது எழுவான்கரை. வாவியும் ஒண்டுதான், சொல்லும் ஒண்டுதான், போய்ச் சேருகிற இடம் நேரெதிர். இதை எங்கட ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் அதே பிள்ளை வளர்ந்து கம்பஸ் வந்து, லப்டொப்பைத் திறந்து, பைதனில் "பேச்சு.டிஎக்ஸ்டி" என்ற ஃபைலைத் திற என்று எழுதினால், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று சிவப்பு எழுத்தில் பதில் வருகிறது. ஃபைல் கண்ணுக்கு முன்னால இருக்கு. கம்பியூட்டர் பொய் சொல்லுது என்றுதான் முதலில் தோன்றும்.

பொய் இல்லை. அது வேறு கரையில் நின்று தேடுகிறது, அவ்வளவுதான்.

ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு 'நிற்கிற இடம்' இருக்கிறது. ஆங்கிலத்தில் கரண்ட் வேர்க்கிங் டிரெக்டரி. தமிழில் நடப்புக் கோப்புறை என்று சொல்லிப் பார்க்கலாம், எனக்கு 'நிற்கிற கோப்புறை' என்பதுதான் பிடிக்கும். முழு விலாசம் கொடுக்காமல் வெறும் பெயரை மட்டும் கொடுத்தால், அந்த இடத்திலிருந்துதான் தேடும். அந்த இடம் எது என்று கேட்க பைதனில் ஒரே ஒரு வரி: ஓஎஸ் மொடியூலைக் கூப்பிட்டுவிட்டு, ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி() என்பதை பிரிண்ட் பண்ணுவது. 2014இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து பாத்லிப் என்ற இன்னொரு மொடியூலும் சேர்ந்திருக்கிறது, அதில் பாத்.சிடபிள்யூடி() என்று கேட்டாலும் இதே பதில்தான். ஆர் மொழியில் கெட்டபிள்யூடி(). யுனிக்ஸ் டேர்மினலில் பிடபிள்யூடி என்ற மூன்று எழுத்து. எல்லா மொழியிலும் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்றால், எல்லாரும் எங்கேயோ ஒருநாள் வழி தவறி நின்றிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

என்ட வாதம் சின்னது. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு பைதனோ ஆரோ சொல்லிக்கொடுக்கும்போது, "ஹலோ வேர்ல்ட்"டுக்கு அடுத்த வரியாக இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாடத்தின் கடைசியில், ஃபைல் கையாளுதல் என்ற தலைப்புக்குக் கீழே ஒரு குறிப்பாக இல்லை. ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டால், என்ட கதையைத்தான் சொல்ல வேணும்.

போன வருசம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து படுவான்கரைப் பக்கம் வயதானவர்களின் பேச்சைப் பதிவு செய்தோம். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படுவதற்கு முந்திய காலத்தில் வாவியை எப்படிக் கடந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு ஆளை எப்படிக் கொண்டு போனார்கள், வெள்ளம் வந்தால் என்ன செய்தார்கள் என்று. மொத்தம் 87 பதிவுகள். ஒவ்வொரு ஃபைலின் பெயரிலும் ஊர், பேசியவரின் பெயர், வயது எல்லாம் நாங்களே கையால் எழுதி வைத்திருந்தோம். வேறு எங்கும் எழுதவில்லை. அதுதான் முதல் மடத்தனம், ஒத்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இலக்கம் போட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். 'நிற்கிற கோப்புறையில் இருக்கிற ஒலி ஃபைல் எல்லாத்தையும் எடு, 001, 002 எண்டு பேர் மாத்து.' பழைய பெயரை எழுதி வைக்கிற வரியைப் பிறகு சேர்க்கலாம் என்று விட்டிருந்தேன். பதிவுகள் இருந்த கோப்புறைக்குள் 'சோதனை' என்று இன்னொன்றைத் திறந்து, மூன்று நகல்களையும் ஸ்கிரிப்டையும் அதற்குள் போட்டு, லாபில் ஐடில் வழியாக ஓட்டினேன். அழகாக வேலை செய்தது. வீட்டுக்கு வந்து அதே ஸ்கிரிப்டை விஎஸ் கோட்டில் திறந்து இன்னொருக்கா ஓட்டினேன். மறுகா பார்த்தால் 'சோதனை'க்குள் ஒரு மாற்றமும் இல்லை. வெளியில் இருந்த 87ம் வெறும் இலக்கமாகி இருந்தன.

நடந்தது இதுதான். ஐடிலில் எஃப்5 அழுத்தினால், அது ஸ்கிரிப்ட் இருக்கிற கோப்புறைக்கே போய் நின்றுகொண்டு ஓட்டும். விஎஸ் கோட் வழமையாக, நாம் திறந்து வைத்திருக்கிற பெரிய கோப்புறையில் நின்று ஓட்டும். நான் திறந்து வைத்திருந்தது முழுப் பதிவுகளும் இருந்த வெளிக் கோப்புறையை. ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை, நின்ற இடம் மாறிவிட்டது. நிற்கிற இடம் ஸ்கிரிப்டின் சொத்து இல்லை. அதை ஆர் கூப்பிட்டார்களோ அவர்கள் முடிவு செய்வது. இந்த ஒரு வசனத்தை ஆராவது முதல் வகுப்பில் சொல்லியிருந்தால் எனக்கு நாலு இரவு மிச்சமாகியிருக்கும்.

நாலு இரவும் கேட்டுக்கொண்டே இருந்தோம். பெயரை மாற்றினாலும் ஃபைலின் திகதி மாறாது, அதால எந்த நாள், எந்த ஊர் என்று பிரித்துவிட்டோம். ஆள்தான் சிக்கல். சிலர் பேச்சுக்குள் தங்கள் பெயரைச் சொல்லியிருந்தார்கள், சிலரைக் குரலில் பிடித்தோம். ஒருத்தி ஃபோனில் கேட்டவுடனே, "இது அந்த மரத்துக்குக் கீழ இருந்த அப்பச்சிதானே" என்றாள். ஒரு குரல் மட்டும் மிச்சம்.

இதற்குத் தீர்வு கேட்டால் பலரும் சொல்வது, முழு விலாசத்தையும் எழுதிவிடு, சி டிரைவில் தொடங்கி கடைசி வரை. அல்லது ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே நிற்கிற இடத்தை மாற்றிவிடு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்த விலாசம் என்ட லப்டொப்பில் மட்டும்தான் இருக்கிறது. சிநேகிதிக்கு அனுப்பினால் அவளிடம் என்ட பெயரில் ஒரு கோப்புறை எங்கே இருக்கும்? ஆர் மொழி உலகில் பிரபலமான ஜெனி பிரையன், ஸ்கிரிப்டின் முதல் வரியில் இப்படிச் சொந்த விலாசத்தை எழுதுகிறவர்களின் கம்பியூட்டருக்குத் தீ வைப்பேன் என்று பகிடியாக மிரட்டியது அதனால்தான்.

நல்ல வழி, ஸ்கிரிப்ட் தான் கிடக்கிற இடத்தைத் தானே அறிந்து, அங்கிருந்து எண்ணுவது. பைதனில் இரண்டு பக்கமும் இரட்டை அடிக்கோடு போட்ட 'ஃபைல்' என்ற பெயருக்குள் அந்த விலாசம் இருக்கும், அதன் 'பேரன்ட்'டைக் கேட்டால் கோப்புறை கிடைக்கும். ஆர் எங்கே நின்று கூப்பிட்டாலும் மாறாது. ஜூபிட்டர் நோட்புக்கில் மட்டும் அந்தப் பெயர் கிடைக்காது, அங்கே திரும்பவும் நிற்கிற இடத்தைத்தான் கேட்க வேண்டும். ஃபைலை அழிக்கிற, பெயர் மாற்றுகிற ஸ்கிரிப்ட் என்றால், எங்கே நிற்கிறேன் என்று முதலில் காட்டிவிட்டு, ஓம் என்று நான் அடித்த பிறகுதான் தொடங்க வேண்டும். இப்போது நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு கோப்புறை எண்டாலே என்னெண்டு தெரியா" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதையும் கேட்கிறேன். 2021இல் தி வெர்ஜ் இதைப் பற்றியே ஒரு கட்டுரை போட்டது, அமெரிக்க விரிவுரையாளர்களுக்கும் அதே தலையிடி. உண்மைதான், நாங்கள் ஃபோனில் வளர்ந்தவர்கள். ஃபோன் எதை எங்கே வைத்திருக்கிறது என்று காட்டாது, தேடினால் எடுத்துத் தரும். அதற்காக எங்களைச் சோம்பேறி என்பதில் நியாயம் இல்லை. காட்டாத ஒன்றை எப்படிப் பார்ப்பது? எழில் என்று பைதனுக்கு மேலே கட்டிய தமிழ் நிரல்மொழி ஒன்று இருக்கிறது, அதில் பிரிண்டுக்கு 'பதிப்பி'. எனக்குச் சந்தோசம்தான், ஆனால் சொல்லைத் தமிழாக்குவதால் மட்டும் இந்தக் குழப்பம் தீராது. நிற்கிற இடம் என்று ஒன்று இருக்கிறது என்பதே தெரியாதவருக்கு, அதை எந்த மொழியில் கேட்டால் என்ன?

ஒரு பகிடி. பாத் என்பதற்குப் புத்தகத்தில் 'பாதை' என்று போடுகிறார்கள். எங்கட பக்கம் பாதை என்றால் றோட்டு மட்டும் இல்லை, வாவியைக் கடக்க ஆளையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றுகிற மிதவைக்கும் அதுதான் பெயர். பதிவுகளில் பாதிப்பேர் "பாதை வரும் வரைக்கும் நிண்ட" கதையைத்தான் சொல்கிறார்கள்.

அந்த மிச்சக் குரலும் அப்படித்தான். மண்டூர்ப் பக்கம் எடுத்தது. இராத்திரி பாதை இல்லாமல், பிள்ளைத்தாச்சியான தங்கச்சியைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனதைச் சொல்கிறா, நடுவில் இரண்டு தரம் சிரிக்கிறா. பதினொரு நிமிடம். ஃபைலின் பெயர் 063. வாற சனிக்கிழமை ஃபோனில் போட்டுக்கொண்டு குருமண்வெளித் துறையடிக்குப் போகிறோம், அங்கே பாதைக்கு நிற்பவர்களிடம் கேட்டுப் பார்க்க.