ஆல்பியன் முதல் இதழ்: யாருக்குய்யா மறந்துபோச்சு?

ஆலன் மூர் கதைக்கரு குடுத்து, மகள் லியாவும் மருமகன் ஜான் ரெப்பியனும் எழுதி 2005ல் வந்த 'ஆல்பியன்' முதல் இதழ் படிச்சாச்சு. பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர்கள் நிஜ ஆளுங்களாம். அரசாங்கம் பிடிச்சு அடைச்சிருக்காம். அருமையான கரு. ஆனா ஊரே அவங்களை மறந்துட்ட மாதிரி ஒரு தொனி. லண்டன்ல மறந்திருக்கலாம். மதுரைப் பக்கம் கேட்டுப் பாருங்க! 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். கூர்மண்டை ஸ்பைடர், சட்டித்தலையன் ஆர்ச்சி ரெண்டு பேரையும் லயன் காமிக்ஸ் நம்ம வீட்டுப் புள்ளைங்களாவே ஆக்கிருச்சு.

இதுல எனக்குக் கடுப்பு மூர் மேல இல்ல, நம்மாளுங்க மேலதான். அவர் தொட்டா 'இலக்கியம்'. அதே மாயாவி தமிழ்ல மறுபதிப்பா வந்தா 'சின்னப்புள்ளத்தனம்'! என்ன நியாயம் சாமி இது? மறுப்பு இருந்தா பின்னூட்டத்துல வாங்க, மோதிப் பாப்போம்.